ஒப்புதலுக்குப் பின் செய்த திருத்தங்கள்

கணக்குக் கேள்விகளில் வருகிற தண்ணீர்த் தொட்டி ஒன்றுகூட உருப்படியாக இருந்ததில்லை, டாக்டர். ஒரு குழாய் நிரப்பும், இன்னொரு குழாய் அதே நேரத்தில் காலி செய்யும். ஒரு பிளம்பரைக் கூப்பிட்டால் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு நாங்கள் பிள்ளைகளை உட்காரவைத்து அழவிடுகிறோம். அந்தத் தொட்டிகளில் பாதி நான் கட்டியவை.

அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். ஆனால் எங்கள் வேலை என்னவென்று தெரியாமல் சொன்னால் புரியாது. அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் பாடம் நடத்துகிற நிறுவனம் எங்களுடையது. அதற்குக் கணக்கு வினா வங்கி தயாரிப்பவர்கள் நாங்கள். வங்கி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் ஒரு ஹால், வரிசையாக மேசைகள், அவ்வளவுதான். கீழே துளையிடுகிற சத்தம் கேட்டால் மேலே நாங்கள் எல்லோரும் தாடையைப் பிடித்துக்கொள்வோம். நான் கேள்வி எழுதுகிறவன். ஒரு கேள்வி, நான்கு விடைகள், அதில் எது சரி என்கிற குறிப்பு, ஏன் சரி என்கிற விளக்கம்.

சரியான விடையை எழுதுவது இதில் சின்னப் பகுதி. மீதி மூன்று தவறான விடைகளில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. வாய்க்கு வந்த எண்ணை வைத்தால் பிள்ளைகள் சிரித்துவிட்டுத் தாண்டிப் போய்விடும். ஒரு பிள்ளை எந்த இடத்தில் சறுக்குமோ அங்கே போய் நின்று, அது விழுகிற பக்கம் பார்த்து ஒரு விடையை வைக்க வேண்டும். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஆறில் ஐந்து. அவசரக்காரப் பிள்ளை மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று சொல்லும். அந்த ஐந்தில் இரண்டு அங்கே தயாராக நிற்க வேண்டும், சொந்தக்காரன் மாதிரி சிரித்துக்கொண்டு. நான் அதில் கெட்டிக்காரன். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. யார் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பது எனக்கு முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நான் எழுதுவதைச் சரிபார்க்கிறவர் அக்கா. ஆபீசில் அவருக்குச் சல்லடை என்று பெயர். கல்லோ உமியோ, அவரைத் தாண்டி ஒன்றும் போகாது. எனக்கு எதிர் மேசை. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியையும் ஒரு பிள்ளை படிப்பது மாதிரி முணுமுணுத்துப் படிப்பார். "ஏண்டா தம்பி, இந்தத் தொட்டிக்காரன் ரெண்டு குழாயையும் ஒண்ணாத் திறந்து வெச்சிருக்கானே, இவன் பொண்டாட்டி ஒண்ணும் கேக்க மாட்டாளா?" என்பார். ஹாலே சிரிக்கும். பிறகு சத்தமில்லாமல் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டி எனக்கே திருப்பி அனுப்புவார். யாருடைய பிழையையும் அவர் மேனேஜரிடம் கொண்டுபோனதில்லை.

விடுமுறை நாட்களில் அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நான் மாமா என்று கூப்பிடுவேன். ஒரே மகள், முதல் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். என் முதுகில் தொங்கிக்கொண்டே பெருக்கல் வாய்ப்பாடு சொல்வாள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அக்கா என்று நான் கூப்பிட்டது வாய்வார்த்தைக்காக அல்ல. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

மழைக்காலத்தில்தான் அது ஆரம்பித்தது. அக்கா ஒரு கேள்வியைத் திருப்பி அனுப்பினார். அரையும் மூன்றில் ஒன்றும். ஐந்தில் இரண்டைச் சரியான விடை என்று நான் குறித்திருந்தேன். "என்னடா, பிள்ளைங்க போடற தப்பை நீயே போட்டு வெச்சிருக்க?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் அவர் சிரிக்கவில்லை. காலையில் எழுதி அனுப்பிய கேள்வியையே மத்தியானம் உட்கார்ந்து, இப்போதுதான் தோன்றிய சந்தோஷத்தோடு, மறுபடி எழுதி அனுப்பியிருக்கிறேன். எண்கள்கூட மாறவில்லை. அவர் ஒன்றை அழித்துவிட்டு என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு ஒருநாள் லிஃப்டுக்குள் நின்றேன். எங்கள் மாடிக்கு எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. கதவு மூடியது, திறந்தது, மூடியது. பல் மருத்துவமனைக்கு வந்த ஒரு பெண்மணி, "எந்த மாடிங்க?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பல்வலிக்காரன் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவரோடு இறங்கி, அந்த மருத்துவமனையின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் பெயர் கேட்டார்கள். அதைச் சொல்ல முடிந்தது. அதை நினைத்து எனக்கு அழுகை வந்தது.

இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைத்து, அது இல்லாமல் போகிற ஒரு நொடி இருக்கிறதே, அந்த நொடி நாள் முழுக்க நீடித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சோறு தொண்டையில் இறங்காது. போன் அடித்தால், திரையில் வருகிற பெயர் யாருடையது என்று தெரியாமல் போய்விடுமோ என்று எடுக்கக் கை வராது. குளிக்கும்போது வாய்ப்பாடு சொல்லிப் பார்ப்பேன். பதினேழாம் வாய்ப்பாட்டில் தட்டினால் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பேன்.

வேறொன்றும் இல்லை, களைப்பு. புதிய பாடத்திட்டம் வந்திருந்தது, வேலை தலைக்கு மேல். யாராக இருந்தாலும் அப்படித்தான் ஆகும்.

அக்கா என்னை மாடிப்படிப் பக்கம் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு, தோளில் கை வைத்தார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காத. என் அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. சொன்னதையே சொல்றது, வெச்சதை மறுபடி வெக்கறது."

"எனக்கு என்னக்கா வயசாச்சு?"

"வயசு பார்த்தா வருது? ஒண்ணுமே இல்லாமக்கூட இருக்கும். ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாம். நானே கூட்டிட்டுப் போறேன். ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது."

அப்புறம் அவர் அம்மாவைப் பற்றிச் சொன்னார். வருஷக்கணக்காகப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் அக்கா. "கடைசில ஒருநாள் சோறு ஊட்டிட்டு இருக்கேன். என் கன்னத்தைத் தடவிட்டு, நீ யாரு பெத்த பொண்ணும்மா, என்னை இவ்வளவு நல்லாப் பாத்துக்கறியேன்னு கேட்டாங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செத்துப் போறதுக்குக்கூட நான் பயப்படலடா. எனக்கும் அது வந்துடுமோன்னுதான் பயம். குட்டி என் முன்னாடி நின்னு அம்மான்னு கூப்பிட்டு, நான் யாருன்னு முழிச்சா?"

என் நல்லதுக்காகத்தான் அவர் இதைச் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

ஆனால் யோசித்துப் பார்த்தேன். இந்த உலகத்தில் என்னைப் பற்றி அப்படி நினைக்கிற ஒரே ஆள் அவர். அவர் வாயைத் திறந்தால் அது நோய். திறக்காவிட்டால் அது களைப்பு. அவர் திறக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் எதிர் மேசையில் இருந்து அவர் என்னைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எழுதிக்கொண்டிருந்ததை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். கேள்வியைப் படிப்பதைவிட அவர் என்னைப் படிப்பதாகத் தோன்றியது. டாக்டரிடம் எப்போது போகலாம் என்று கண்ணாலேயே கேட்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அந்தப் பார்வை நின்றால் போதும் என்று இருந்தது. அவர் வேறு எதையாவது நினைத்துப் பயந்துகொண்டிருந்தால், என்னைப் பார்க்க நேரம் இருக்காது அல்லவா.

அக்கா சரிபார்த்து ஒப்புதல் கொடுத்ததும் கேள்வி வங்கிக்குள் போய்விடும். அதற்குப் பிறகு எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவதற்கு எனக்கு அனுமதி உண்டு. திருத்தினால் என் பெயர் வராது. கடைசியாக ஒப்புதல் கொடுத்தவர் பெயர்தான் நிற்கும். ஒரு பொருளின் விலையைப் பத்து சதவீதம் ஏற்றி, பிறகு பத்து சதவீதம் இறக்கினால் பழைய விலைக்கு வராது, கொஞ்சம் குறையும். அது சின்னக் கேள்வி. அக்கா தூக்கத்தில்கூடச் சரியாகச் சொல்லிவிடுவார். அதனால்தான் அதை எடுத்தேன். பழைய விலைக்கே வரும் என்கிற விடையைச் சரி என்று மாற்றினேன். விளக்கத்தையும் மாற்றி எழுதினேன். அவர் நடையிலேயே எழுதினேன்.

ஒரு பள்ளி ஆசிரியரிடமிருந்து புகார் வந்தது. மேனேஜர் அக்காவின் மேசைக்கு வந்து திரையைக் காட்டினார். "என்னங்க இது, உங்க ஒப்புதல்தானே?"

அக்கா பார்த்தார். காதில் இருந்த பென்சிலை எடுத்தார், மறுபடி செருகினார். "நான் இதை இப்படியா விட்டேன்?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாக்கா. எனக்கே அப்பவே ஒரு மாதிரி இருந்துது. நீங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அவர் முகத்தில் அந்தப் படி இல்லாமல் போவதைப் பார்த்தேன். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். படுத்ததும் தூங்கினேன். பல வாரங்களுக்குப் பிறகு.

அடிக்கடி செய்யவில்லை. நடுவில் நல்ல நாட்களும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சந்தேகம் வேறு பக்கம் போகும். ஒரு கேள்வியைத் தொட்டால் பிறகு பத்து இருபது கேள்விகளை விட்டுவிடுவேன். அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்து, பழையபடி தொட்டிக்காரனைக் கிண்டல் செய்ய ஆரம்பிக்கும்போது இன்னொன்று. அவர் மூக்குக் கண்ணாடியைக் குடிநீர் வைக்கும் இடத்தில் வைப்பேன். "இதை இப்பத்தானேக்கா கேட்டீங்க?" என்பேன், அவர் முதல் தடவையாகக் கேட்டதற்கு. இதற்கெல்லாம் பெரிய மூளை வேண்டாம். ஒருவர் எதற்குப் பயப்படுகிறார் என்று தெரிந்தால் மீதியை அவரே செய்துகொள்வார்.

மாடிப்படிக் கதவுக்குப் பின்னால் அவர் வாய்ப்பாடு சொல்லிப் பார்ப்பதை ஒருநாள் கேட்டேன். பதினேழு, முப்பத்தி நாலு, ஐம்பத்தி ஒண்ணு. தப்பே இல்லாமல் சொல்லி முடித்தார். மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, டாக்டர். அவர் பயப்படும்போது எனக்குப் பயமே இல்லை. ஒரே பயம்தான் இருந்தது போலவும், அதை யாராவது ஒருவர் சுமந்தால் போதும் போலவும் இருந்தது.

வீட்டில் கதவுகளிலெல்லாம் சீட்டு ஒட்ட ஆரம்பித்தார். கேஸை மூடினாயா, சாவி எடுத்தாயா. குட்டிக்கு அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்திருந்தது. ஒவ்வொரு சீட்டையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வீட்டைச் சுற்றி வருவாள். ஒருநாள் குளியலறைக் கண்ணாடியில் ஒரு சீட்டு இருந்தது. அதில் குட்டியின் முழுப்பெயர் எழுதியிருந்தது. "இது என் பேருதானே, இதை எதுக்கும்மா இங்க எழுதி வெச்சிருக்க?" என்று குட்டி கேட்டாள். அக்கா அதைக் கிழித்துப் போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டார். கீழே இறக்கிவிடவே இல்லை.

மாமா என்னிடம்தான் வந்து அழுதார். வாட்டசாட்டமான ஆள். லிஃப்ட் கயிற்றில் தொங்கி வேலை பார்க்கிறவர். "தம்பி, அவ அம்மாவுக்கு வந்த மாதிரியே இவளுக்கும் வந்துடுச்சுடா. அவளுக்குத் தெரியுது. தெரிஞ்சுக்கிட்டே போறா. என்னால பாக்க முடியல." அக்காவை டாக்டரிடம் காட்டச் சொன்னது நான்தான். நல்ல டாக்டர் என்று உங்கள் பெயரைச் சொன்னதும் நான்தான். அதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குள் மேனேஜர் அவரைச் சரிபார்க்கும் வேலையில் இருந்து எடுத்து, வெறும் தட்டச்சுக்கு உட்காரவைத்தார். யாரும் இப்போது சல்லடை என்று கூப்பிடுவதில்லை. சில நாட்களில் அவரே விடுப்பில் போய்விட்டார். என் கேள்விகளைச் சரிபார்க்க ஒரு புதுப்பெண் வந்தாள். நான் அனுப்புவதை எல்லாம் அப்படியே ஒப்புதல் கொடுத்துவிடுவாள். கொஞ்ச காலம் நிம்மதியாக இருந்தேன்.

மாமா வேலைக்குப் போகிற நாட்களில் என்னை வீட்டில் இருக்கச் சொன்னார். "உன்னை விட்டா நான் யாரைடா நம்பறது?" நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேள்வி எழுதுவேன். அக்கா எதிரில் உட்கார்ந்து காய் நறுக்குவார். பழைய மாதிரியே இருக்கும். ஒருநாள் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த விளக்கத்துல ரெண்டாவது வரியும் நாலாவது வரியும் ஒண்ணேதான்" என்றார். உடனே, "இல்ல இல்ல, எனக்குத்தான் அப்படித் தோணுது. விடு" என்றார். நான் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். அதை நான் கவனிக்கவில்லை.

அன்றைக்கு எனக்கு மறுபடி சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே உங்கள் பரிசோதனை முடிவுகள் வந்தன. மாமா தெருமுனையில் இருந்தே போன் செய்தார். "தம்பி, ஒண்ணும் இல்லையாம்டா. மூளை பளிங்கு மாதிரி இருக்காம். பயம்தான் அவளுக்கு வியாதியாம். தூக்க மாத்திரையைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திடலாம்னுட்டாங்க. அடுத்த வாரம் வேலைக்கே போகலாமாம்." பின்னால் குட்டி கத்துகிற சத்தம் கேட்டது. சந்தோஷத்தில்.

நான் சந்தோஷம் என்று சொன்னேன். போனை வைத்தேன். அவர் எதிர் மேசைக்குத் திரும்பி வருவார். அவருக்கு ஒன்றும் இல்லை என்றால், ஒப்புதல் கொடுத்த கேள்விகள் எப்படித் தப்பாகப் போயின என்று யாராவது கேட்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. அவர் மறுபடி என்னைப் பார்ப்பார். இந்தத் தடவை நன்றாகத் தூங்கி எழுந்த கண்ணோடு.

பயத்தில் இருக்கிற மனிதன் சரியாக யோசிக்க மாட்டான் என்பார்கள். அது உண்மை இல்லை. நான் மிகவும் நிதானமாக யோசித்தேன். ஒரு கேள்வியின் விடையைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசலாம். யாரும் வாதாட முடியாத ஒன்று வேண்டியிருந்தது.

அடுத்த நாள் மத்தியானம். மாமா வேலைக்குப் போயிருந்தார். அக்கா மாத்திரை போட்டுக்கொண்டு உள் அறையில் தூங்கினார். குட்டி பள்ளியில் இருந்து வந்து, அவர் பக்கத்திலேயே சீருடையோடு படுத்துத் தூங்கிவிட்டாள். சாக்ஸ் ஒன்று காலில், ஒன்று கையில். நான் சமையலறைக்குப் போனேன். ஜன்னலைச் சாத்தினேன். கேஸ் அடுப்பின் ஒரு திருகை மட்டும் திறந்தேன், பற்றவைக்காமல். மாமா வரவேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் அவருக்கு வாடை தெரியும், ஓடிப்போய் மூடுவார், ஜன்னலைத் திறப்பார், ஆடிப்போவார். அதற்குப் பிறகு அக்காவுக்கு ஒன்றும் இல்லை என்று எந்தப் பரிசோதனை சொன்னாலும் எடுபடாது. மாமா வர நேரமானால் நானே வந்து மூடிவிடுவதாக இருந்தேன். பக்கத்துக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிற நேரம்தான். யாருக்கும் ஒரு ஆபத்தும் வந்திருக்காது. இதை நீங்கள் புரிந்துகொள்வது முக்கியம்.

மாமா கொடுத்திருந்த சாவியால் வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கடை முன்னால் நின்றேன். கடைக்காரர், "என்ன வேணும்?" என்று கேட்டார். வெயில் அதிகமாக இருந்தது. ஒன்றும் வேண்டாம் என்று சொன்னேன். பஸ் வந்தது, ஏறி என் வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஏன் என்று கேட்காதீர்கள். தலைவலியாக இருந்தது. வீட்டுக்குப் போய் முகம் கழுவினேன். சட்டையை மாற்றிக்கொண்டேன். இருந்ததைச் சூடு பண்ணிச் சாப்பிட்டேன். டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, பார்த்தேன். அன்று எங்கோ ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் நடுவில் நின்று, உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டதால், மாமா நேரத்துக்கு வீட்டுக்குப் போகவில்லை. கீழ்வீட்டு அம்மாவுக்கு மாடிப்படியில் வாடை தெரிந்து, ஆட்களைக் கூப்பிட்டுக் கதவை உடைத்திருக்கிறார்கள்.

மாமா போனில் அழுதபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு மாமா திறந்து விட்டாங்க?" என்று கேட்டேன். நடித்தேன் என்று நினைக்க வேண்டாம். நிஜமாகவே கேட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் அந்தத் திருகு ஞாபகத்துக்கு வந்தது. விரலில் அதன் வழவழப்பு இருந்தது. பஸ்ஸில் எனக்கு இடம் கொடுத்த ஒருவர், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

குட்டியைக் காப்பாற்றிவிட்டார்கள். கொஞ்ச நாள் மூக்கில் குழாய் இருந்தது. இப்போது நன்றாக இருக்கிறாள். பேச்சு மட்டும் கொஞ்சம் மெதுவாக வருகிறது. வாய்ப்பாடு கேட்டால் பாதியில் நின்று முழிக்கிறாள். சின்னப் பிள்ளைதானே, வந்துவிடும்.

அக்கா கண் விழித்ததும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மாமா வெளியே போகிறவரைக்கும் காத்திருந்துவிட்டு என்னைக் கேட்டார். "தம்பி, நீ பொய் சொல்ல மாட்ட. நானா?"

நான் என்ன சொல்லியிருக்க முடியும்? அந்த நேரத்தில் உண்மையைச் சொன்னால் அவர் உடம்பு தாங்காது.

"நான் கிளம்பறப்போ டீ போடப் போறேன்னு எழுந்தீங்கக்கா" என்றேன்.

அவர் அழவில்லை. தலையை ஆட்டினார். கணக்கு ஒத்துப்போய்விட்டால் ஆட்டுவாரே, அதே மாதிரி. "என்னை எங்கயாவது சேர்த்துடச் சொல்லு. குட்டியை அவங்க அத்தை வீட்டுல விட்டுடச் சொல்லு. என் கண்ணுல காட்ட வேணாம்." அப்படித்தான் அவர் இங்கே, உங்களிடம் வந்து சேர்ந்தார்.

நான் வாரம் தவறாமல் வந்து பார்த்தேன். உங்கள் நர்ஸைக் கேட்டுப் பாருங்கள், கூடப்பிறந்த தம்பிகூட இப்படி வர மாட்டான் என்று என் காதுபடவே சொன்னார். பொழுதுபோவதற்கு ஐந்தாறு கேள்விகள் எழுதிக்கொண்டு வருவேன். அக்கா உட்கார்ந்து போடுவார். எல்லாம் சரியாகப் போடுவார். நான் பார்த்துவிட்டு, "இதுல ரெண்டு தப்புக்கா, பரவாயில்ல" என்பேன். அவருக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான். எல்லாம் சரி என்று சொன்னால், அப்புறம் நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்று குழம்பிப்போவார் அல்லவா?

கடைசியாக வந்தபோது மாமா குட்டியை அழைத்து வந்திருந்தார். கதவில் இருக்கிற சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். குட்டி, "அம்மா" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். அக்கா கட்டிலுக்கு அந்தப் பக்கம் இறங்கி, சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டார். "கிட்ட வராத கண்ணு. அங்கயே நில்லு. அம்மா உன்னை ஏதாவது பண்ணிடுவேன்." குட்டி அங்கேயே நின்றாள். ரொம்பக் கெட்டிக்காரப் பிள்ளை, சொன்னதைக் கேட்கும். இரண்டு பேரும் அப்படியே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதைப் பார்த்த பிறகுதான் உங்களிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை மாற்றியது நான். கண்ணாடியை இடம் மாற்றியது நான். அடுப்பைத் திறந்ததும் நான். அக்கா உங்கள் பரிசோதனையில் வந்தபடியேதான் இருக்கிறார், பளிங்கு மாதிரி. மருந்தை நிறுத்திவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். என்னால் ஒரு குடும்பம் கெட்டது என்று யாரும் சொல்லக் கூடாது.

என்ன சொல்கிறீர்கள்?

அக்கா வீட்டுக்குப் போய் வெகு நாளாகிவிட்டது என்கிறீர்கள். குட்டி அவரோடுதான் இருக்கிறாள், அந்தக் கட்டிலில் இப்போது வேறு யாரோ படுத்திருக்கிறார்கள் என்கிறீர்கள். இதையெல்லாம் நான் உங்களிடம் ஏற்கெனவே சொன்னேனாம். நேற்றும் சொன்னேனாம், இதே நாற்காலியில் உட்கார்ந்து, கதவருகே நிற்கிற இந்தப் போலீஸ்கார அம்மாவையும் வைத்துக்கொண்டு. அவரும் தலையாட்டுகிறார். நீங்கள் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள்.

இல்லை, டாக்டர். இன்றுதான் முதல் தடவை. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாள் பூராவும் எத்தனை பேர் வருகிறார்கள், ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று உங்களுக்குக் குழம்பத்தான் செய்யும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நான் வெளியே யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கொஞ்ச நாளைக்குத் தனியாக இருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் வேண்டுமானால் வந்து துணைக்கு இருக்கிறேன்.

உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா, டாக்டர்?